‘கிராம சபையில தீர்மானம் போட்டாச்சு!’ - அதுக்கு அப்புறம் என்ன? டெல்டா கிராமங்களின் பவர் எவ்வளவு?

மீத்தேன், ஹைட்ரோகார்பன், நிலக்கரி. கடந்த 15 ஆண்டுகளில் காவிரி டெல்டாவை மாறி மாறிப் பதற வைத்த மூன்று சொற்கள் இவை. ஒவ்வொரு முறையும் ஊர்கள் முதலில் செய்த வேலை ஒன்றுதான்: கிராம சபையைக் கூட்டி, ‘இந்தத் திட்டம் வேண்டாம்’ எனத் தீர்மானம் போட்டார்கள்.

அந்தத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? டெல்டா இப்போது ‘பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்’ ஆகிவிட்டதே, இனி கவலை இல்லையா? ஒடிசாவில் ஒரு மலைக்கிராமம் சொன்ன ‘நோ’வுக்கும் தஞ்சாவூரில் ஒரு கிராமம் சொல்லும் ‘நோ’வுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இதுவரை நடந்தது என்ன?

2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் உரிமை ‘கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி’ நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2011 ஜனவரியில் தமிழக அரசும் அந்த நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. நிலக்கரிப் படுகையில் இருந்து மீத்தேன் வெளியே வர வேண்டுமென்றால், முதலில் அங்கே இருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். நிலத்தடி நீரையும் ஆற்று நீரையும் நம்பி நெல் போடும் ஊருக்கு இதைவிடப் பெரிய பயம் வேறென்ன இருக்க முடியும்?

இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைப் பேசினார். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர். 2013 டிசம்பர் 30-ல், பட்டுக்கோட்டைப் பகுதியில் மீத்தேன் எதிர்ப்புப் பிரசாரத்தில் இருந்தபோதே இறந்துபோனார். 2015 அக்டோபரில் தமிழக அரசு மீத்தேன் திட்டத்துக்குத் தடை போட்டது.

அடுத்து ஹைட்ரோகார்பன். 2017 பிப்ரவரி 15-ல் மத்திய அமைச்சரவை, நாடு முழுக்க 31 சிறு எண்ணெய் - எரிவாயு வயல்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒன்று புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல். மறுநாளே அங்கே போராட்டம் ஆரம்பம். அதே ஆண்டு ஜூன் 30-ல் கும்பகோணம் அருகே கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு, தீ, தடியடி, கைது எனப் பிரச்சினை வெடித்தது.

ஊருக்குத் தலைவரே இல்லாத நேரம்!

இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நெடுவாசலும் கதிராமங்கலமும் கொதித்த 2017-ல், தமிழகத்தின் எந்த ஊராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளும் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள்.

அப்போ யார் தலைமை தாங்கியது? ஊரேதான். நெடுவாசலில் போராட்டக்களம் நாடியம்மன் கோயில் திடல். திருவிழாவுக்கு ஊர் கூடும் அதே இடம். பந்தல் போட, சமைக்க, ஆள் திரட்ட யார் யார் என்பது ஊருக்கு ஏற்கெனவே பழக்கமான விஷயம். பெண்களும் கல்லூரி மாணவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

டெல்டாவுக்கு இது புதிதும் இல்லை. பாசனத்துக்கு முன் வாய்க்காலை ஊரே சேர்ந்து தூர்வாரும் குடிமராமத்து வழக்கம் இங்கே காலங்காலமாக இருந்தது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு விவசாயி இரண்டு கிலோ பாரம்பரிய விதை நெல் வாங்கினால், அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் என 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் மீண்டது இப்படித்தான். 2018 டிசம்பரில் அவர் இறந்த பிறகு, மரபு நெல் பாதுகாப்புக்கான அரசுத் திட்டத்துக்கே அவர் பெயர் வைக்கப்பட்டது.

ஆக, மண்ணையும் நீரையும் கவனித்துக்கொள்ள ஊருக்குத் தெரியும். அதற்கான தலைமையும் ஊரிலேயே உருவாகிறது. ஆனால், சட்டத்தின் முன் அது செல்லுபடியாகுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

73-வது அரசியல் சாசனத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது. அதன் 243ஏ பிரிவு கிராம சபையை அங்கீகரிக்கிறது. ஆனால், என்ன அதிகாரம் தரலாம் என்பதை மாநில சட்டமன்றத்தின் முடிவுக்கு விட்டுவிட்டது. 1994-ம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம சபை வரவு செலவைப் பார்க்கலாம், பயனாளிகளைத் தேர்வு செய்யலாம், ஊர் வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தரலாம். எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்று சொல்லித் தடுக்கும் அதிகாரம் அதில் இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கு. வேளாண்மையும் நிலமும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. எண்ணெய் வயல்களோ மத்தியப் பட்டியலில். மேலே வயல் மாநிலத்துடையது, அடியில் எரிவாயு மத்திய அரசுடையது என்றால், நடுவில் இருக்கும் கிராமம் யாரிடம் போய்ப் பேசும்?

அப்போ நியமகிரியில் எப்படி முடிந்தது?

ஒடிசாவின் ராயகடா, காளஹந்தி மாவட்டங்களில் இருக்கிறது நியமகிரி மலை. டோங்கிரியா கோந்த் பழங்குடிகளுக்கு அந்த மலைதான் சாமி. ‘நியம ராஜா’ என்று கும்பிடுகிறார்கள். வேதாந்தா குழுமத்தின் அலுமினிய ஆலைக்காக அங்கே பாக்சைட் வெட்டத் திட்டமிட்டபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரல் 18-ல் வந்த தீர்ப்பு, மக்களின் சமய, பண்பாட்டு உரிமை பாதிக்கப்படுகிறதா என்பதைக் கிராம சபைகளே பரிசீலித்து முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் ‘வேண்டாம்’ என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அனுமதியை மறுத்துவிட்டது.

இதற்குத் துணை நின்றவை 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும், அட்டவணைப் பகுதிகளுக்கான 1996-ம் ஆண்டின் ‘பெசா’ சட்டமும். அட்டவணைப் பகுதிகள் 10 மாநிலங்களில் உள்ளன. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. உலக அளவில் ஐ.நா.வின் 2007 பழங்குடி உரிமைப் பிரகடனம், ‘முன்கூட்டியே, முழுத் தகவலுடன், நிர்பந்தம் இல்லாமல் பெறும் சம்மதம்’ என்ற கொள்கையை முன்வைக்கிறது. கனடா 2021-ல் இதற்காகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

நியமகிரியில் பண்பாடு என்பது நீதிமன்றம் எடைபோட்ட ஓர் உரிமை. டெல்டாவில் ஆடிப்பெருக்கும் விதை நெல்லும் மேடைப் பேச்சில் மட்டுமே வருகின்றன. எந்தத் திட்ட அனுமதிப் படிவத்திலும் அவற்றுக்கு ஒரு கட்டம் கிடையாது.

2020 சட்டம் காப்பாற்றாதா?

பெருமளவு காப்பாற்றுகிறது. 2020 ஜனவரி 16-ல், நிலப்பரப்பில் எண்ணெய் - எரிவாயு ஆய்வுக் கிணறு தோண்ட மக்கள் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. டெல்டா மீண்டும் கொதித்தது. பிப்ரவரி 9-ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலத்தை அறிவித்தார். பிப்ரவரி 20-ல் மசோதா நிறைவேறியது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் (அப்போது மயிலாடுதுறையும் இதற்குள்தான் இருந்தது) மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் இதில் அடங்கும். புதிய எண்ணெய் - எரிவாயுக் கிணறுகள், மீத்தேன், ஷேல் எரிவாயு, தாமிர - அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள் போன்றவற்றுக்குத் தடை.

ஓட்டைகள் எங்கே?

ஒன்று, சட்டத்துக்கு முன்பே இயங்கிவந்த கிணறுகளை இது தொடாது. இரண்டு, துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை போன்ற உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு. மூன்று, முதல் அறிவிப்பில் இருந்த திருச்சி, கரூர், அரியலூர் சட்டத்தில் இடம்பெறவில்லை. நான்கு, மண்டலத்தை மேற்பார்வையிடும் அமைப்புக்கு முதல்வர் தலைவர். கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்ற பிரிவு எங்கும் இல்லை.

இது வெறும் தியரி இல்லை. 2023-ல் நிலக்கரி ஏலப் பட்டியலில் தஞ்சாவூரின் வடசேரி, அரியலூரின் மைக்கேல்பட்டி, கடலூரின் சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று இடங்கள் வந்தன. ஏப்ரல் 4-ல் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த வாரமே மூன்றும் நீக்கப்பட்டன. நல்ல முடிவுதான். ஆனால் வடசேரி மக்களிடம் கேட்டுப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை. கேட்டு நீக்கவும் இல்லை.

சட்டம் மாறினால் பாதுகாப்பும் மாறும் என்பதும் டெல்டாவுக்குத் தெரியும். நாகை கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக ஜெகந்நாதன் - கிருஷ்ணம்மாள் தம்பதி கிராம மக்களோடு போராடி, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்புச் சட்டத்தைக் கொண்டுவந்து அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது.

ஊர் என்றால் யார்?

ஒரு கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. உத்திரமேரூர் கல்வெட்டில் ஏரி வாரியம் இருந்தது உண்மை. ஆனால் சபையில் உட்காரச் சொத்தும் வேதப் படிப்பும் தகுதிகளாக இருந்தன. கூலி உயர்வு கேட்ட பகையில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் இதே டெல்டாவில்தான். ‘ஊர் முடிவு’ என்பது நிலக்காரர்களின் முடிவாக மட்டும் இருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை.

அதனால்தான் கிராம சபை முக்கியம். கோயில் திடலில் யார் பேசலாம் என்பதை ஊர் வழக்கம் முடிவு செய்யலாம். கிராம சபையில் அப்படி முடியாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பத்து ஏக்கர் வைத்திருப்பவரும், நடவுக்குப் போகும் பெண்ணும் அங்கே சமம். வயல் போனால் ஒருவருக்கு இழப்பீடு வரும். இன்னொருவருக்கு வேலையே போகும்.

இப்போது என்ன செய்யலாம்?

தீர்மானத்துக்குத் தடுக்கும் பவர் இல்லை என்றாலும் பலன் இல்லை என்று அர்த்தமில்லை. மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விவகாரத்தில் 2024 நவம்பரில் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊரின் எதிர்ப்பு எழுத்தில், தேதியோடு, கையெழுத்தோடு பதிவாகியிருந்தது.

ஆனால், ஒவ்வொரு முறையும் முதல்வர் கடிதத்தையும் தேர்தல் கணக்கையும் நம்பியிருப்பது பாதுகாப்பு ஆகாது. வேளாண் மண்டலச் சட்டத்தில் கிராம சபை ஒப்புதலை ஒரு பிரிவாகச் சேர்ப்பது மாநில அரசின் கையில் இருக்கும் எளிய வேலை. எண்ணெய் வயல் மத்தியப் பட்டியலில் இருந்தாலும், நிலப் பயன்பாட்டை மாற்ற ஊரைக் கேட்க வேண்டும் என்று மாநிலம் சொல்லலாம்.

ஊராட்சித் தேர்தல் தள்ளிப்போவதும் இதோடு சேர்ந்ததுதான். டெல்டா உள்ளிட்ட 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்து, மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். 2017-ல் நடந்ததைப் போல, அடுத்த பெரிய திட்டம் வரும் நாளில் ஊரில் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் போகலாம்.

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் டெல்டாக்காரர்கள் பலரின் ஓட்டு இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 - கிராம சபை கூடும் நாட்கள் இவை. பாதிக்கு மேல் அரசு விடுமுறை. ஊருக்குப் போகும்போது தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதப்படுகிறது என்று பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம்.