பந்து பறக்கிறது என்பதற்காக நிலத்தை நீட்டுவதா?

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் லிஜியாங் என்றொரு மலையூர் உள்ளது. அதற்கு வடக்கே 5,596 மீட்டர் உயரமுள்ள பனிமலை நிற்கிறது. அந்த மலையடியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்தில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கோல்ப் மைதானம் அமைத்தார்கள். ஊட்டியைவிட எண்ணூறு மீட்டருக்கு மேல் உயரமான இடம். மைதானத்தின் நீளம் 8,548 கெஜம். அதாவது ஏழே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

கோல்ப் என்பது சிறு பந்தைத் தடியால் அடித்து, தூரத்திலுள்ள குழியில் போடும் ஆட்டம். பதினெட்டுக் குழிகள். அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு குழிக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் வருவதே மைதானத்தின் நீளம். பெரிய போட்டிகளுக்குக்கூட ஏழாயிரம், ஏழாயிரத்து ஐந்நூறு கெஜம் தாராளம். அப்படியிருக்க, இங்கே ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஏன் நீட்டினார்கள்?

காரணம் காற்று. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிடக் கால் பங்கு குறைவு. தண்ணீருக்குள் கை வீசுவதற்கும் வெளியே வீசுவதற்கும் உள்ள வித்தியாசம் விவசாயிக்குத் தெரியும். அதுபோலத்தான் இதுவும். தடுக்கும் காற்று மெலிந்தால் பந்து நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கூடுதலாகப் பறக்கும். ஆட்டம் சுலபமாகிவிடுமே என்று குழிகளைத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் காசில் பைன்ஸ் மைதானமும் இப்படித்தான். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள அங்கே 2024 ஆகஸ்டில் நடந்த போட்டிக்கு நீளம் 8,130 கெஜம்.

இது ஆடுகிறவர்கள் பாடு, நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படி விட முடியாது. லிஜியாங்கில் கூடுதலாக நீட்டியது 1,100 கெஜம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிப் பராமரிக்கும் புல்தரையின் அகலம் 40 கெஜம் என்றால் 44,000 சதுர கெஜம் ஆகிறது. ஏக்கருக்கு 4,840 சதுர கெஜம் வீதம் வகுத்தால் ஒன்பது ஏக்கர். ஒன்பது ஏக்கரிலும் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்கப் பாய்ச்ச ஒன்பது லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். விநாடிக்குப் பத்து லிட்டர் இறைக்கும் மோட்டார் 25 மணி நேரம் விடாமல் ஓட வேண்டும். அதுவும் ஒரே ஒரு பாய்ச்சலுக்கு! பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து எப்படியும் நூறு ஏக்கருக்குக் குறையாமல் நிலம் போய்விடுகிறது. அதற்கு மேல் பந்து கொஞ்சம் அதிகமாகப் பறக்கிறது என்பதற்காக இந்த ஒன்பது ஏக்கர். மலையில் ஒன்பது ஏக்கர் உருளைக்கிழங்கு என்றால் எத்தனை குடும்பங்களின் ஜீவனம் என்பதை மலைத்தோட்டம் வைத்திருப்பவர்களே சொல்வார்கள்.

மைதானம் வந்தால் ஊராருக்குப் புல் வெட்டும் வேலை, பை தூக்கும் வேலை கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், மறுப்பதற்கில்லை. சரிவில் மேலும் கீழுமாகப் பார் பிடித்து உருளை போடும் நிலத்தைவிடப் புல்தரை மண்ணை நன்றாகவே பிடித்துவைக்கும் என்பதும் நிஜம். ஆனால் இவை குட்டையான மைதானத்துக்கும் பொருந்தும். நீட்டுவதற்கு இவை நியாயமாகா. கொடைக்கானலில் 1895 முதல் ஏழாயிரம் அடி உயரத்தில் கோல்ப் சங்கம் இருக்கிறது. அங்கே எட்டாயிரம் கெஜம் இல்லை என்பதற்காக ஆட்டம் நின்றுவிடவில்லை.

சீனா 2004-ல் புதிய கோல்ப் மைதானங்களுக்குத் தடை போட்டது. நிலமும் நீரும் வீணாகின்றன என்பதே காரணம். தடை காகிதத்தில் இருக்க, மைதானங்களின் எண்ணிக்கை சுமார் மூன்று மடங்கானது. கடைசியில் 2017 ஜனவரியில் 111 மைதானங்களை மூடுவதாக அறிவித்தார்கள். தோண்டிச் சமன்படுத்திய பின் மூடுவதால் பழைய மேல்மண் திரும்பி வருமா?

செலவில்லாத வழி ஒன்று உண்டு. நிலத்தை விட்டுவிட்டுப் பந்தை மாற்றலாம். இந்த ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் பிரிட்டிஷ், அமெரிக்க அமைப்புகளே, பந்து பறக்கும் தூரத்தைக் குறைக்கும் விதியை 2023 டிசம்பரில் அறிவித்தன. மலைக்கென்று இன்னும் மந்தமான பந்தை வைத்துக்கொண்டால் என்ன குறை? அதுவும் வேண்டாமென்றால், பந்து கூடுதலாகப் பறக்கட்டுமே. இரண்டு அடி குறைவாக அடித்து முடித்தார்கள் என்றால் யாருக்கு நஷ்டம்?

எந்த மலையூரில் இப்படியொரு திட்டம் வந்தாலும், நில அளவைக் கல் நடுவதற்கு முன்பே ஊரார் கேட்க வேண்டியவை உண்டு. மொத்தம் எத்தனை கெஜம், அதில் காற்றுக்காக நீட்டியது எவ்வளவு, தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது, கோடையில் ஊற்று சுருங்கும்போது முதல் முறைத் தண்ணீர் புல்லுக்கா, பயிருக்கா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.