இரைப்பைப் புற்றுநோய்: 3 சிகிச்சைகளைச் சேர்த்தால் ஆயுள் கூடுமா?

வீட்டில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டதாக மருத்துவர் சொல்கிறார். "இருக்கிற எல்லாச் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுத்துட்டா நல்லதுதானே டாக்டர்?" என்றுதான் உங்களுக்குக் கேட்கத் தோன்றும்.

கீமோதெரபி, இம்யூனோதெரபி, கூடவே கதிர்வீச்சு. கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஆய்வுகள் சொல்வது வேறு.

'முற்றியது' என்றால்?

இதை முதலில் கேட்டுவிடுங்கள். புற்றுநோய் இரைப்பைச் சுவரைத் தாண்டி அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் சென்றிருந்தாலும் 'முற்றியது' என்பார்கள். கல்லீரலுக்குப் பரவியிருந்தாலும் அதே சொல்தான். முதல் நிலையில் அறுவைச் சிகிச்சை செய்து குணப்படுத்த வாய்ப்புண்டு. இரண்டாவதில் நோயைக் கட்டுக்குள் வைப்பதே நோக்கம்.

பரவிய நோய்க்குக் கீமோதெரபியுடன் இம்யூனோதெரபி சேர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 2021இல் வெளியான 'செக்மேட் 649' ஆய்வு அதற்கு முக்கியக் காரணம். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.1 மாதங்களைத் தாண்டினர். நிவோலுமாப் மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 14.4 மாதங்கள். 'மூணு மாசம்தானா?' என்று தோன்றலாம். அது நடுக்கணக்கு. சிலருக்குப் பலன் ஆண்டுக்கணக்கில் நீடித்தது, சிலருக்குக் கிடைக்கவே இல்லை. அந்த எண்கள் கட்டியில் 'பிடி-எல்1' அளவு 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு உரியவை. அளவு குறைந்தால் பலனும் குறைகிறது.

கதிர்வீச்சு எங்கே வருகிறது?

கதிர்வீச்சில் சிதையும் புற்றணுக்கள், நோய் எதிர்ப்பாற்றலுக்கு எதிரியை அடையாளம் காட்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அதே கதிர்வீச்சு எதிர்ப்பு அணுக்களையும் அழிக்கும். இரைப்பையோ மூச்சு விடும்போதெல்லாம் நகரும் உறுப்பு. கல்லீரல், சிறுநீரகம், குடல் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன.

2024இல் வெளியான 'டாப்கியர்' ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருந்த 574 பேர் பங்கெடுத்தனர். அனைவருக்கும் கீமோதெரபி, ஒரு பிரிவினருக்கு மட்டும் அறுவைக்கு முன் கதிர்வீச்சும் சேர்த்து. புற்றணு ஒன்றுகூட மிஞ்சாதவர்களின் விகிதம் 8இலிருந்து 17 விழுக்காட்டுக்குக் கூடியது. ஆனால் ஆயுள் கூடவில்லை: கதிர்வீச்சுடன் 46 மாதங்கள், இல்லாமல் 49 மாதங்கள். கட்டி கரைவதும் ஆயுள் நீள்வதும் ஒன்றல்ல.

அதில் இம்யூனோதெரபி சேர்க்கப்படவில்லை என்பதால் கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை. ஆனால் 2025இல் வெளியான 'மாட்டர்ஹார்ன்' ஆய்வு கதிர்வீச்சே இல்லாமல் முன்னேற்றம் காட்டியது. கீமோதெரபியுடன் துர்வாலுமாப் சேர்த்தபோது, 2 ஆண்டுகள் நோய் திரும்பாமலோ மோசமாகாமலோ வாழ்ந்தவர்கள் 58.5இலிருந்து 67.4 விழுக்காடானார்கள்.

அப்படியானால் கதிர்வீச்சே வேண்டாமா? அப்படியும் இல்லை. கட்டியில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால், வலி தாங்க முடியாமல் போனால், சில நாள் கதிர்வீச்சு பெரிய நிம்மதி தரும். அது வேதனையைக் குறைக்கத் தரப்படுவது.

ஆகவே மருத்துவர் கதிர்வீச்சைப் பரிந்துரைத்தால், "இது ஆயுளுக்கா, ரத்தக்கசிவை நிறுத்தவா, இல்ல ஆய்வின் ஒரு பகுதியா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

செலவையும் அப்போதே விசாரித்துவிடுங்கள். சிங்கப்பூரில் 2022 செப்டம்பர் முதல், மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி பட்டியலிடப்பட்ட புற்றுநோய் மருந்துகளுக்கே பொருந்தும். மருந்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. எந்தப் புற்றுநோய்க்கு, எந்த நிலைக்கு என்பதும் பட்டியலுடன் ஒத்துப்போக வேண்டும்.