மலையேறியின் அடகுச்சீட்டு

2025 செப்டம்பரில் புனிதர் பட்டம் பெற்ற பியர் ஜார்ஜியோ ஃப்ரசாத்தியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வாயில் புகைக்குழாய், கையில் மலையேறும் கோல். லீலி மலரும் மேல்நோக்கிய கண்களும் இல்லாத இந்தப் புனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. 'லா ஸ்தாம்பா' நாளிதழை நடத்திய பணக்காரரின் மகன்; பனிச்சறுக்கு, மலையேற்றம், நண்பர் பட்டாளம், கேலி கிண்டல் என்று திரிந்த பிள்ளை. மலைக்குக் கிளம்பினாலும் பூசை தப்பாது. இதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது ஓர் அடகுச்சீட்டு. 1925 ஜூலையில் இளம்பிள்ளை வாதம் கையை முடக்கிக்கொண்டிருந்தபோது, கோணல்மாணலாக ஒரு துண்டுக் காகிதத்தில் நண்பருக்குக் கிறுக்கினார்: ஓர் ஏழைக்கு ஊசிமருந்து போய்ச் சேரவேண்டும், இன்னொருவரின் அடகைத் தன் கணக்கில் புதுப்பிக்க வேண்டும். அவ்வளவுதான். மறுநாள் இறந்தார், வயது 24. கெடு தப்பினால் பொருள் மூழ்கிவிடும் என்ற பதைப்பு அடகுக்கடை வாசலில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் பணக்காரப் பிள்ளை அதை எங்கே கற்றார்? தூதராகவும் இருந்த அப்பாவுக்கு, மகன் எந்தெந்த வீட்டுப் படியேறினான் என்பது, சவ ஊர்வலத்தில் தூரின் நகரத்து ஏழைகள் திரண்டு நின்றபோதுதான் தெரிந்தது.