குழாயில் வரும் வாயு

சங்க அன்பர் ஒருவரின் துணைவியார் சென்ற வாரம் ஓர் ஐயத்தை எழுப்பினார். "சிலிண்டரில் வாயுவைத் திரவமாக அடைத்துத் தருகிறார்களே; குழாய் வாயுவையும் அவ்வாறே அழுத்தி அடைத்துத் தந்தால், தில்லித் தெருக்களையெல்லாம் தோண்ட வேண்டியதில்லையே?" என்றார். பேரறிஞர் ஃபாரடேயே விடை காணாது விட்ட கேள்வி இது!

சிலிண்டரில் உள்ளவை புரோப்பேனும் பியூட்டேனும். அழுத்தினாலே அவை திரவமாகிவிடும். குழாயில் வருவதோ பெரும்பாலும் மீத்தேன். பல வாயுக்களைத் திரவமாக்கிக் காட்டிய ஃபாரடேக்கும் அது பணியவில்லை. காரணத்தை 1869-இல் ஆண்ட்ரூஸ் என்பார் விளக்கினார். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வெப்ப எல்லை உண்டு. அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் எத்துணை அழுத்தினும் அது திரவமாகாது. மீத்தேனின் எல்லை, நீர் உறையும் நிலைக்கும் கீழே ஏறக்குறைய 82 டிகிரி சென்டிகிரேட்!

ஆகவே குளிர்விப்பதே வழி. முதலில் நீராவியையும் கரியமில வாயுவையும் நீக்குவர். இல்லையேல் அவை உறைந்து குழாய்களை அடைத்துவிடும். பாதரசம் அணுவளவு இருப்பினும் அலுமினியக் கருவிகளை அரித்துவிடும், அதையும் விடுவதில்லை. பின்னர், நம் வீட்டுக் குளிர்பெட்டி செய்யும் அதே வேலையைப் பேரளவில், படிப்படியாகச் செய்து, பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரிக்குக் கொண்டு செல்வர். அறுநூறு லிட்டர் வாயு ஒரு லிட்டர் திரவமாகச் சுருங்கிவிடும். அதன்பின் அழுத்தம் வேண்டியதில்லை. வெப்பம் புகாத கலமே போதும்.

அந்தக் கலத்தில்தான் ஆபத்து இருந்தது. அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரில் 1944 அக்டோபர் 20 அன்று ஒரு தொட்டி பிளந்தது. கடுங்குளிரில் உடையும் தன்மையுடைய எஃகால் செய்த தொட்டி அது. திரவம் தெருவில் ஓடி, சாக்கடைகளில் இறங்கித் தீப்பற்றியது. ஏறத்தாழ 130 பேர் மாண்டனர். அவர்களில் பலர் தத்தம் வீட்டில் இருந்தவர்கள். நிக்கல் மிகுந்த எஃகும், தொட்டியைச் சுற்றி அணையும் வேண்டும் என்பதை உலகம் இவ்வளவு விலை கொடுத்துக் கற்றது. 1959-இல்தான் 'மீத்தேன் பயனியர்' என்ற கப்பல் இத்திரவத்தை முதன்முதலாகக் கடல் கடந்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றது. நம் குஜராத்தின் தஹேஜ் துறைக்குக் கத்தாரிலிருந்து அது வரத் தொடங்கியது 2004-இல்.

எத்துணைக் காப்பிட்டாலும் இத்திரவம் மெல்லக் கொதித்துக்கொண்டே இருக்கும். கப்பலில் அந்த ஆவியை எந்திரத்துக்கு எரிபொருளாக்கி விடுகின்றனர். அடுப்படிச் சிலிண்டரிலோ ஆவிக்குப் போக்கிடம் இல்லை; தில்லியின் சித்திரை வெயிலில் அதனை மூடி வைப்பது எங்ஙனம்? தெருவைத் தோண்டத்தான் வேண்டும் என்றேன். "தோண்டியதை மூடவாவது சொல்லுங்கள்" என்றார் அம்மையார்.