சிப்பிப்பாறை குட்டி வாங்கும் முன் ஒரு வார்த்தை

‘அண்ணே, ஒரிஜினல் சிப்பிப்பாறை குட்டி ஒண்ணு கிடைக்குமா?’ மாசத்துக்கு நாலு பேராவது சென்னை, கோவை, பெங்களூர்ல இருந்து போன் பண்ணிக் கேக்குறாங்க. எனக்குக் கோவில்பட்டிப் பக்கம் என்று தெரிந்ததும், இங்கே வீட்டுக்கு வீடு கூடையில் போட்டு விற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள் போல. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ‘நாய் ஓடுறதுக்கு இடம் இருக்கா தம்பி?’ பெரும்பாலும் வரும் பதில், ‘மொட்டை மாடி இருக்குண்ணே.’

மொட்டை மாடிக்கான நாய் இல்லை அது. நாட்டு நாயைக் காப்பாத்தணும் என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது நடந்துகொண்டிருப்பது காப்பாற்றுவது அல்ல, வியாபாரம். இனத்துக்குப் பெயர் கிடைத்த அளவுக்கு நாய்க்கு நல்லது நடக்கவில்லை என்பது என் கருத்து.

முதலில் நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற ஒரு ஊரின் பெயர்தான் சிப்பிப்பாறை. அந்த ஊரைச் சுற்றியும், கோவில்பட்டி, கழுகுமலை, சிவகாசி வரைக்கும் பரவிக் கிடக்கிற கரிசல் காட்டின் ஓட்டநாய் இது. நீள முகம், ஒட்டின வயிறு, ஆழமான நெஞ்சு, குச்சிக் கால், சாட்டை மாதிரி வால். கறுப்பு உடம்பில் காலும் புருவமும் மட்டும் பழுப்பாக இருந்தால் கன்னி என்போம். வெளிர் நிறத்தில் இருந்தால் பால்கன்னி. செவலை, சாம்பல் என்று மற்ற நிறங்களும் உண்டு. இராஜபாளையம் நாய் வேறு. அது வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம், கட்டுமஸ்தான உடம்பு. பட்டணத்தில் பல பேர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மோப்பம் பிடித்துப் போகிற நாய்கள் ஒரு வகை என்றால், இது கண்ணால் பார்த்து ஓடுகிற வகை. எட்டத்தில் ஒரு செடி அசைந்தால் போதும், தலை நிமிர்ந்துவிடும். ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு இரண்டு தடவை நாலு காலும் தரையை விட்டு எழும்பும். உடம்பைச் சுருட்டும்போது ஒரு தடவை, நீட்டும்போது ஒரு தடவை. கிரேஹவுண்டும் விப்பெட்டும் ஓடுகிற அதே ஓட்டம்.

விப்பெட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அது இங்கிலாந்தின் வடபகுதியில் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்த கூலிக்காரர்கள் வளர்த்த நாய். ராத்திரிக் குழம்புக்கு முயல் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் துணியை ஆட்டிக் காட்டினால் ஓடும். ஏழையின் பந்தயக் குதிரை என்றே அதற்குப் பெயர். அந்த வேட்டையும் பந்தயமும் ஓய்ந்த பிறகும் அந்த இனம் நன்றாகவே இருக்கிறது. காரணம், உருவத்தில் சின்னது. வீட்டுக்குள் சோபாவில் சுருண்டு படுத்துக்கொள்ளும், எல்லாரிடமும் ஒட்டிக்கொள்ளும். சிப்பிப்பாறை அப்படி இல்லை. இரண்டடி உயரம், ஒரே ஒரு ஆளிடம்தான் உயிராக இருக்கும். வெளியாள் கை வைத்தால் விலகும், இல்லையென்றால் பல்லைக் காட்டும். விப்பெட் படத்தைப் பார்த்துவிட்டு, ‘நம்ம ஊர்லயும் இதே மாதிரி இருக்காமே’ என்று வாங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

இந்த நாயை உருவாக்கியது வெட்டவெளி. மானாவாரிக் கரிசல், அறுவடை முடிந்தால் கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு மரம் இருக்காது. முயல் கிளம்பினால் நாய்க்குத் தெரியும், நாய் ஓடுவது நமக்குத் தெரியும். இன்றைக்கு அந்த வெளி எங்கே இருக்கிறது? தரிசாகப் போட்ட நிலமெல்லாம் சீமைக்கருவேலம். அந்த முள்ளுக்குள் இந்தத் தோல் மெலிந்த நாய் ஓடினால் கிழிந்து ரத்தமாகத்தான் திரும்பும். மிச்ச இடத்தில் பிளாட்டுக் கல், கம்பி வேலி, நாலுவழிச் சாலை.

வேட்டையும் கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் பிடிப்பது குற்றம். இதில் எனக்கு வருத்தம் இல்லை. ‘வேட்டைக்கு விடாம எப்படிண்ணே இனம் நிக்கும்’ என்று இங்கேயே சில இளவட்டங்கள் கேட்கிறார்கள். முயலை அழித்துத்தான் நாயை நிறுத்த வேண்டும் என்றால் அந்தக் கணக்கே தப்பு. நாய்க்கு வேண்டியது ஓட்டம். தோட்டத்தில் மோட்டார் ரூமில் ஒயரை அறுத்துக்கொண்டு போகிற திருடனுக்குப் பயம் வேண்டும். ராத்திரி மக்காச்சோளத்தில் பன்றி இறங்கினால் சத்தம் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். இந்த வேலைகளுக்கு இன்றும் இது தோதான நாய்தான்.

இப்போது கிராக்கிக்கு வருவோம். 2005-ல் தபால்துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அதில் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபணு வள நிறுவனம் சிப்பிப்பாறையைத் தனி இனமாகப் பதிவும் செய்திருக்கிறது. எல்லாம் பெருமைதான். ஆனால் பேர் பரவினதும் வந்தவர்களில் பாதிப் பேர் வியாபாரிகள். வருஷம் பூரா பொட்டை நாயைக் கட்டிப்போட்டு ஈத்துக்கு ஈத்து குட்டி எடுக்கிறார்கள். அண்ணன் தங்கச்சி என்று பார்க்காமல் சேர்க்கிறார்கள். பந்தயத்துக்கு வேகம் வேண்டும் என்று கிரேஹவுண்டைக் கலந்துவிட்டு, அதையும் ‘ஒரிஜினல்’ என்று விற்கிறார்கள். முப்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிடுங்கி அட்டைப்பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்புகிறார்கள்.

2017-ல் வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதிகள் தெளிவாகத்தான் இருக்கின்றன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பொட்டை நாயைச் சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுசுக்கு ஐந்துக்கு மேல் கூடாது. இதைக் கடைப்பிடிக்கிறவனை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாங்குகிற நீங்கள் கேட்டால்தான் விற்கிறவன் பயப்படுவான். ‘தாயைக் காட்டுங்க, தகப்பனைக் காட்டுங்க’ என்று கேளுங்கள். காட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்து, வளர்க்கிற முறை. விலா எலும்பு தெரிகிறதே என்று பதறி, சோறும் கறியுமாகத் திணித்துக் குண்டாக்கிவிடுகிறார்கள். ஓட்டநாய்க்கு இரண்டு மூன்று விலா தெரியத்தான் வேண்டும். எங்கள் பக்கம் கம்மஞ்சோறும் மோரும்தான் பழைய சாப்பாடு, கூட முட்டையோ எலும்போ கிடைக்கிற அன்றைக்குக் கிடைக்கும். அது மட்டும் போதும் என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன். வளரும் குட்டிக்கும் சினை நாய்க்கும் முட்டை, கறி கட்டாயம் வேண்டும். தின்ற கையோடு ஓட விடாதீர்கள். ஆழமான நெஞ்சுள்ள நாய்க்கு வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

உடம்பில் கொழுப்பு கிடையாது, அதனால் குளிர் தாங்காது. மார்கழியில் வெறும் சிமெண்டுத் தரையில் படுக்கவிட்டால் முழங்கையில் புண் வரும். ஒரு பழைய சாக்கு போதும். அதே காரணத்தால் சில மயக்க மருந்துகள் இந்த வகை நாய்க்குச் சீக்கிரம் இறங்காது. ஆபரேஷன் என்றால், ‘இது ஓட்டநாய் சார்’ என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்ணியை வாராவாரம் காது மடலிலும் விரல் இடுக்கிலும் பாருங்கள். வெறிநாய்த் தடுப்பூசியை நாட்டு நாய்தானே என்று தள்ளிப்போடாதீர்கள். நாட்டு நாய்க்கு நோய் வராது என்பது சும்மா பேச்சு.

எல்லாவற்றையும் விட முக்கியம், தினமும் காலையும் சாயங்காலமும் அவிழ்த்துவிட்டு ஓடவிடுவது. வேலி போட்ட இடத்தில்தான். ரோட்டோரம் சங்கிலி இல்லாமல் கூட்டிப்போகவே கூடாது. எதிர்ப்பக்கம் ஒரு பூனையைப் பார்த்துவிட்டால் அதன் காதில் உங்கள் குரல் விழாது, லாரியும் கண்ணில் படாது. ஓட்டம் இல்லாமல் கட்டியே கிடந்தால் கடிக்கத்தான் செய்யும். பிறகு, ‘இந்த இனமே மோசம்ப்பா’ என்று பைபாஸில் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊர் விலக்கில் கழுத்துப் பட்டையோடு திரிந்த இரண்டு கன்னி நாய்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு வயிறு ஒட்டவில்லை, நன்றாகத் தின்று வளர்ந்த நாய். வருகிற காரை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது.

அதனால் நான் சொல்வது இதுதான். ஊரில் நிலம் இருந்து, அங்கே ஆள் இருந்தால், தாராளமாக வாங்குங்கள். தோட்ட வீடு இருந்து வாரக் கடைசியில் மட்டும் போவீர்கள் என்றால் வேண்டாம், இது ஆளைத் தேடி ஏங்குகிற நாய். பிளாட்டில் இருந்துகொண்டு நாட்டு நாய்தான் வேண்டும் என்றால், உங்கள் தெருவில் பிறந்த குட்டியை எடுத்து வளருங்கள். அதுவும் நாட்டு நாய்தான், உங்கள் வாழ்க்கைக்குப் பழகிக்கொள்ளும். சிப்பிப்பாறைக்காக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், கைவிடப்பட்ட வளர்ந்த நாய் ஒன்றுக்கு இடம் தேடிக் கொடுங்கள். இல்லை, இங்கே ஒழுங்காக வளர்க்கிற ஒரு விவசாயியின் நாய்க்கு வருஷத் தடுப்பூசிச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். யாருக்கு உதவி தேவை என்று கேட்டால் நானே சொல்கிறேன். குட்டிக்கு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.