இல்லமும் கணினியும்: வட்டு கெட்டதா?

சென்ற திங்கள் அல்சூரில் வாழும் அன்பர் ஒருவர், தம் மேசைக் கணினியின் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நம் இல்லம் வந்து சேர்ந்தார். உடன் வந்த மகன் தலை நிமிரவில்லை. விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தமையால், விண்டோஸ் 11-க்கு மாற அப்பிள்ளை முயன்றிருக்கிறான். ‘செக்யூர் பூட்’ வேண்டும் என்று கணினி கூறவே, அமைப்புப் பக்கத்துள் புகுந்து அதனை இயக்கிவிட்டான். அதன்பின், தொடங்குவதற்குரிய வட்டு இல்லை என்னும் ஒற்றை வரியன்றித் திரையில் ஏதும் தோன்றவில்லை.

“வட்டு கெட்டுவிட்டது, அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவவேண்டும்” என்று ஒரு கடையில் கூறினராம். அவ்வட்டிலோ, மறைந்த அன்னையாரின் நிழற்படங்களும் குரற்பதிவும் இருந்தன. வேறு படி எங்கும் இல்லை. அன்பர் எஸ்.பி. ரோட்டில் புது வட்டு வாங்கவும் துணிந்துவிட்டார்.

வட்டு கெடவில்லை என்பதே உண்மை. கணினி விழிக்கும்போது, விண்டோஸுக்கும் முன்னதாகத் தாய்ப்பலகையிலுள்ள யு.இ.எஃப்.ஐ. என்னும் நிரல் எழுகின்றது. தொடங்க வரும் மென்பொருள் உரிய கையொப்பம் உடையதா என்று அது வாயிற்காவலனைப்போல் ஆராய்ந்து, இல்லாததைத் தடுக்கும். இதுவே செக்யூர் பூட். ஆனால் பழைய பயாஸ் முறையில் நிறுவப்பெற்ற வட்டு எம்.பி.ஆர். என்னும் பகுப்பு முறையில் இருக்கும். அதனைத் தொடங்கச் சி.எஸ்.எம். என்னும் அமைப்பு இயங்கவேண்டும். செக்யூர் பூட்டை இயக்கச் சி.எஸ்.எம்.-ஐ நிறுத்தவேண்டும், நிறுத்தினால் பழைய வட்டுக்கு வழியில்லை.

ஆகவே பிள்ளை மாற்றியதை மாற்றியபடியே திருப்பினோம். அமைப்புப் பக்கம் புகுவதற்கு எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தொடங்கியவுடனே தட்டவேண்டும். நமக்கே இருமுறை தவறிற்று! செக்யூர் பூட்டை நிறுத்திச் சி.எஸ்.எம்.-ஐ இயக்கிச் சேமித்தோம். விண்டோஸ் எழுந்தது. அன்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “முதலில் பாட்டி படங்களை எடுத்து வையடா” என்றார் மகனிடம். வெளி வட்டு ஒன்றில் அனைத்தையும் படியெடுத்த பின்னரே வேறெதனையும் தொட்டோம்.

நேயர்களும் இவ்வரிசையையே கைக்கொள்ளலாம். விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் தட்டுக. ‘பயாஸ் மோட்’ என்னும் வரியில் ‘யு.இ.எஃப்.ஐ.’ என்றிருப்பின் கவலையில்லை. ‘லெகசி’ என்றிருப்பின் செக்யூர் பூட்டைத் தொடாதீர்கள். விண்டோஸுடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி என்னும் கருவி, கோப்புகளை அழிக்காமலே வட்டை ஜி.பி.டி. முறைக்கு மாற்றித் தரும். முதலில் சோதனைக் கட்டளை. அது தேறினாலே மாற்றக் கட்டளை. அதன்பின் சி.எஸ்.எம்.-ஐ நிறுத்தி, விண்டோஸ் எழுவதைக் கண்டு, இறுதியாகச் செக்யூர் பூட்டை இயக்குக. அன்பரின் கணினியில் இவ்வாறே செய்து முடித்தோம்.

மடிக்கணினி உடையோர்க்கு வேறொரு கண்ணி உண்டு. அவற்றுட் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் பூட்டு, உடையவர் அறியாமலே இடப்பட்டிருக்கும். செக்யூர் பூட் நிலையை மாற்றினால் அது 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கலாம். பெரும்பாலும் அது மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அக்கணக்கின் கடவுச்சொல்லை மறந்தவர் பாடு திண்டாட்டமே. மாற்றுமுன் அந்த எண்ணைத் தாளில் எழுதிக் குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்க. கணினிக்குள்ளேயே எழுதி வைப்பவரும் உளர்!

இன்னொன்று. செக்யூர் பூட்டுக்கு 2011-இல் வழங்கிய சான்றுகளின் காலம் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகின்றது. இதனைக் காட்டி எவரேனும் புதுக் கணினி விற்க முற்பட்டால் அஞ்சவேண்டா. சான்றின் காலம் முடிந்ததனால் மட்டும் கணினி நின்றுவிடாது. 2023-ஆம் ஆண்டின் புதுச் சான்றுகள் விண்டோஸ் புதுப்பிப்பின் வழியே வருகின்றன; சில கணினிகளுக்கு மட்டும், செய்தவரிடமிருந்து பயாஸ் புதுப்பிப்பும் வேண்டியிருக்கும்.