பள்ளியில் பயம் இருந்தால் பாடம் ஏறுமா?

தேர்வில் புள்ளிகள் குறைந்தால் வீட்டில் முதலில் விழும் கேள்வி, "கைப்பேசியில் எவ்வளவு நேரம் இருந்தாய்?" என்பதுதான். "பள்ளியில் யாராவது உன்னை மிரட்டுகிறார்களா?" என்று கேட்பவர்கள் குறைவு.

2018 பீசா ஆய்வில், மாதத்திற்குச் சில முறையாவது பகடிவதைக்கு ஆளாவதாக மலேசிய மாணவர்களில் 36 விழுக்காட்டினர் கூறினர். ஓஇசிடி நாடுகளின் சராசரி 23 விழுக்காடு. 2025 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் மாணவி ஒருவர் பள்ளியிலேயே கொல்லப்பட்டபோது நாடே பதறியது. அப்படிப்பட்ட நேரத்தில் புத்தகப்பைகளைச் சோதிக்கிறோம். ஆனால் படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் செய்தியில் வராத அன்றாடப் பயம்.

நான் வார இறுதியில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். அங்கே மூத்த மாணவர்கள் கைச்செலவுக் காசைப் பிடுங்கிக்கொள்வார்கள். மதியம் தலைவலி வந்துவிடும். கடைசி இரண்டு பாடவேளைகள் அவன் காதில் ஏறுவதில்லை. அதில் ஒன்று கணிதம். அதற்காகப் பெற்றோர் அவனை என்னிடம் அனுப்புகிறார்கள். (எனக்கு வருமானம்தான். இருந்தாலும் சொல்கிறேன், அவனுக்கு முதலில் தேவை டியூஷன் அல்ல.)

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆறு ஆண்டுகள் ஆசிரியரிடம் தமிழில் பேசிப் பழகியவன், புகுமுக வகுப்பிலோ முதலாம் படிவத்திலோ நுழைந்ததும் நடந்ததை மலாயில் விளக்க வேண்டும். நானும் அந்த வழியில் வந்தவன்தான். பாடம் புரியும் அளவுக்கு மலாய் தெரிந்தாலும், பட்ட அவமானத்தைச் சொல்ல அந்த வயதில் வார்த்தை வராது. தயங்கித் தயங்கிச் சொன்னால் கட்டொழுங்கு ஆசிரியருக்குப் பொய்போலத் தெரியலாம். அடித்தவன் சரளமாகப் பேசித் தப்பிவிடுவான். (அவன் நம் பையனாகவும் இருக்கலாம்.) அதன்பின் இவன் வாயே திறப்பதில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பதும் அதோடு நின்றுவிடும்.

2023இல் கல்வி அமைச்சு பள்ளிக் கழிப்பறைகளைச் சீரமைக்க முன்னுரிமை கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ஓய்வு நேரத்தில் அதன் வாசலில் யார் நிற்கிறார்கள்? கழிப்பறைக்குள் மறைக்காணி பொருத்த முடியாது. அந்தப் பக்கம் ஓர் ஆசிரியர் அடிக்கடி நடந்துபோனாலே பாதித் தொல்லை குறையும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எஸ்.பி.எம் பட்டறைகளுக்கு எவ்வளவோ மெனக்கெடுகின்றன. தவணைக்கு ஒருமுறை இதையும் செய்யலாமே. பெயர் எழுதாத ஒரு தாளில் மாணவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பள்ளியில் நீ போகப் பயப்படும் இடம் எது? பதிலைத் தமிழிலும் எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள்.